எத்தினை மணிக்குப் பாப்பம்?

மிஸ்ஸின் அந்தியேட்டி கல்வெட்டு இல்லாமலே நடந்து முடிந்தது. யாழ்ப்பாணத்தில் இது சின்ன விஷயம் இல்லை. செத்தவர் யாராக இருந்தாலும் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்தவர்கள் கையில் ஒரு புத்தகத்தோடுதான் வீட்டுக்குப் போவார்கள். அட்டையில் படம், உள்ளே தேவாரம், வம்சாவளி, பிறகு பிறந்த நாளிலிருந்து பிசகாமல் வரிசையாக எழுதிய வாழ்க்கை வரலாறு. அதைத்தான் நாங்கள் கல்வெட்டு என்போம். கம்பஸில் படிப்பித்து, ஒரு கொம்பனியைத் தொடங்கி நடத்தி, ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த மனுசிக்கு அது எவ்வளவு தடிப்பாக வந்திருக்க வேண்டும்! கனடாவிலிருந்து வந்த அவருடைய தம்பி அச்சகம் வரைக்கும் போய்விட்டார். நான்தான் மிஸ்ஸின் மேசை லாச்சியில் இருந்த கடதாசியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவருடைய கையெழுத்து.

கல்வெட்டு: இல்லை.
பெயர்ப்பலகை: இல்லை.
சாப்பாடு: ஓம். பாயாசத்தோடு.

தம்பியார் அதை இரண்டு தரம் வாசித்தார். "செத்தும் அக்கா மாறேல்லை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

இப்போது நான் எழுதுவது கல்வெட்டு இல்லை. பெயரும் போடவில்லை. மற்றபடி இப்படி ஒன்றை எழுதக்கூடாது என்று அந்தக் கடதாசியில் எங்கும் இல்லை. பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

மிஸ்ஸைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊர்ச் சொல் ஒன்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்ப்போம் என்பதை நாங்கள் பாப்பம் என்போம். எழுத்தில் குறைந்த மாதிரித் தெரியும். வேலையில் அது பெரிய சொல். கல்யாணத்துக்குக் கூப்பிட்டவருக்கு, உதவி கேட்டவருக்கு, காணி விலை கேட்டவருக்கு, எல்லாருக்கும் நாங்கள் கொடுக்கும் மறுமொழி பாப்பம். சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும், அதன் அர்த்தம் இல்லை என்பது. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது எங்களுக்குக் கன்னத்தில் அடிக்கிற மாதிரி. ஆகவே பாப்பம் என்று சொல்லித் தேத்தண்ணி கொடுத்து அனுப்புவோம். "பாப்பம், பாப்பம்" என்று இரண்டு தரம் சொன்னால் இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று அர்த்தம்.

அப்படிப்பட்ட ஊரில் மிஸ் ஒரு ஆள்தான் கேட்ட இடத்திலேயே ஓம் என்றோ இல்லை என்றோ சொல்வார். தேத்தண்ணி ஆறுவதற்கு முதல் மறுமொழி வந்துவிடும். அதனால் அவரைக் கண்டு பயந்தவர்கள் அதிகம். பேராசைக்காரர்கள் பயந்தார்கள் என்று நினைக்காதீர்கள். நல்லவர்கள்தான் கூடுதலாகப் பயந்தார்கள்.

நான் வேலை கேட்டுப் போன அன்றைக்கே எனக்கு இது விளங்கியது. கொழும்புத்துறையில் கரையோடு இருந்த ஐஸ் கொம்பனி. கரவெட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், வேர்த்து விறுவிறுத்து அவருக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். என் சான்றிதழ்களை ஒரு பார்வை பார்த்தார்.

"நாளைக்குத் தொடக்கம் வருவியோ, பிள்ளை?"

"வீட்டிலை கேட்டுப் பாப்பம், மிஸ்."

"வீட்டிலை கேக்கிறதை நான் மறிக்கேல்லை. நீ வருவியோ?"

எனக்கு முப்பத்தொரு வயது. அதுவரைக்கும் ஒருவரும் என்னிடம் அப்படி ஒரு கேள்வியைத் தனியாகப் பிரித்துக் கேட்டதில்லை. "ஓம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது.

அவருக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்பதை எனக்குச் சொன்னவர் கொழும்புத்துறைச் சம்மாட்டியார். நாலு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், மீனவர் சங்கத்துத் தலைவர். மிஸ் குளிர் நாடு ஒன்றில் பன்னிரண்டு வருடம் இருந்து, சாப்பாட்டுப் பொருட்களைக் குளிரில் வைத்துக் காப்பாற்றுவதைப் பற்றிப் பட்டம் மேல் பட்டம் வாங்கிக்கொண்டு எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் கம்பஸுக்குப் படிப்பிக்க வந்தவர். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு மத்தியானம் கொழும்புத்துறைக் கரைக்குப் போயிருக்கிறார். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த மீனை ஆட்கள் திரும்பக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் தொடக்கம் மனுசிக்கு வேறு கதை இல்லை. ஐஸ் போடும் மெசின் வேண்டும், அதற்கு இடம் வேண்டும். ஒரு வருடம் ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கினார். எல்லாரும் பாப்பம் என்றார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மிஸ் நம்பினார். கடைசியாகச் சம்மாட்டியாரிடம் வந்து, கரையோடு சங்கத்துக்குச் சொந்தமாகக் கிடந்த வெறும் வளவைக் கேட்டார்.

"பாப்பம், தங்கச்சி" என்றார் சம்மாட்டியார். கம்பஸ் மிஸ்ஸை மனம் நோகாமல் அனுப்பிவிட்டேன் என்று வீட்டில் போய்ப் பெருமையும் அடித்திருக்கிறார்.

சில கிழமை கழித்து ஒரு காலையில் கொழும்பிலிருந்து பெரிய லொறி ஒன்று மெசினோடு வந்து அந்த வளவுக்குப் போகும் ஒழுங்கைக்குள் நுழைந்து நின்றுவிட்டது. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை. மீன் பெட்டி கட்டிய சைக்கிள்கள் எல்லாம் அதற்குப் பின்னால் வரிசை. முன் சீற்றில் மிஸ். சம்மாட்டியார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"தங்கச்சி, நான் ஓம் எண்டு சொல்லேல்லையே! பாப்பம் எண்டெல்லோ சொன்னனான்."

"ஓம் அண்ணை. பாத்திட்டியளோ?"

"இல்லை..."

"அப்ப வாங்கோ, இப்ப பாப்பம்."

சம்மாட்டியார் கூடவே நடந்தார். சைக்கிள்காரர்களும் நடந்தார்கள். மிஸ் வளவின் நாலு மூலையையும் காட்டி, எங்கே மெசின், எங்கே தண்ணீர்த் தொட்டி, எங்கே ஐஸ் இறங்கும் வழி என்று விளக்கினார். வகுப்பு எடுத்தார் என்றே சொல்ல வேண்டும். இதற்கிடையில் லொறிச் சாரதி வந்து, வளவுக்குள் விட்டால்தான் லொறியைத் திருப்பலாம், பாரத்தை இறக்கினால்தான் மணலில் புதையாமல் வெளியே எடுக்கலாம் என்று சொல்லிவிட்டான். இறக்கிய மெசினைப் பிறகு யார் ஏற்றுவது? சங்கத்துக்கு மாத வாடகை பேசி அன்றைக்கே கைச்சாத்து வைத்தார்கள்.

"பின்னேரம் என்ரை வீட்டிலைதான் சாப்பிட்டவ" என்று சம்மாட்டியார் எனக்குச் சொன்னார். "சாப்பிடேக்கை நான் உண்மையைச் சொல்லிப்போட்டன். பாப்பம் எண்டால் இஞ்சை இல்லை எண்டுதான் அர்த்தம் தங்கச்சி எண்டு. கையை அப்பிடியே கோப்பையிலை வைச்சுக்கொண்டு கேட்டா, அப்ப இந்த ஒரு வருசமும் எனக்குப் பாப்பம் எண்டு சொன்ன ஆக்கள் எல்லாரும் எண்டு. ஓம், எல்லாரும் இல்லை எண்டவைதான் எண்டன். பேந்து அவ சாப்பிடேல்லை."

இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லி வந்த சம்மாட்டியார் அந்த இடத்தில் மட்டும் நிறுத்தினார். நானும் நினைத்துப் பார்த்திருக்கிறேன். பிறந்த ஊருக்கு ஆசையோடு திரும்பி வந்தவர், ஒரு வருடம் முழுக்கத் தன்னை எல்லாரும் மரியாதையாகத் துரத்திக்கொண்டிருந்ததை ஒரு கோப்பைச் சோற்றுக்கு முன்னால் இருந்து தெரிந்துகொண்டார். நான் என்றால் அடுத்த விமானத்தில் ஏறியிருப்பேன். மிஸ் என்ன செய்தார் என்றால், தன் வாயிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டார். ஒருவரையும் அந்தச் சொல்லில் காத்திருக்க வைப்பதில்லை என்று முடிவு. எதிராளி சொன்னால் மட்டும், சொன்னபடியே எடுத்துக்கொள்வார். இதற்கென்று அவரிடம் ஒரு கேள்வி இருந்தது.

எங்கள் ஊர்க் கோயில்காரர் என்னைப் பிடித்துக்கொண்டு அவரிடம் வந்தார்கள். இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. மூன்று பேர், மூவரும் வேட்டி சால்வை. கோபுரத்துக்குக் கலர் லைற் போட வேண்டும், மிஸ்ஸின் பெயரைப் பெரிதாக எழுதி உபயம் என்று போடுவோம் என்று தொடங்கினார்கள். எங்கள் கோயில்களில் ரியூப் லைற்றின் வெளிச்சத்தையே மறைக்கும் அளவுக்கு உபயகாரர் பெயர் இருக்கும்.

"இல்லை" என்றார் மிஸ். தலைவர் இன்னும் வசனத்தை முடிக்கக்கூட இல்லை. பிறகு கேட்டார், "திருவிழாவுக்கு வாற பொம்பிளையள் அவசரத்துக்கு எங்கை போறவை?"

மூவரும் சுவரைப் பார்த்தார்கள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"கக்கூஸ் கட்டித் தாறன். ஆறு. தண்ணியோடை."

"பாப்பம், மிஸ்" என்றார் தலைவர், எழும்பிப் போகும் அவசரத்தில்.

"ஓம். எத்தினை மணிக்குப் பாப்பம்?"

அதுதான் அந்தக் கேள்வி. தலைவர் திகைத்துப் போய் மணிக்கூட்டைப் பார்த்தார். பார்த்த பிழைக்கு ஒரு நேரம் சொல்ல வேண்டி வந்தது. "அஞ்சு மணிக்கு?" என்றார். ஐந்து மணிக்கு மிஸ் அளவு நாடாவோடு கோயில் வெளிவீதியில் நின்றார். கட்டி முடிந்த பிறகு தலைவர் என்னிடம் இரகசியமாக, "அவ பேர் வேண்டாம் எண்டதும் நல்லதுதான் பிள்ளை, கக்கூஸ் கதவிலை உபயம் எண்டு எழுதினால் வடிவில்லை" என்றார். அந்த வருடத் திருவிழாவில் எங்கள் ஊர்ப் பெண்கள் முதல் முறையாகத் தேர் இருப்புக்கு வரும் வரைக்கும் நின்று கும்பிட்டார்கள்.

பெயர் சொல்ல விரும்பாத ஒரு அரசாங்கக் கந்தோரிலும் அதே கேள்விதான். "பாப்பம், மடம்" என்ற அதிகாரிக்கு முன்னால் இருந்து, "எத்தினை மணிக்கு?" என்று கேட்டுவிட்டு, சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்துச் சாப்பிடத் தொடங்கினார். கத்தரிக்காய்க் குழம்பு வாசத்துக்கு நடுவில் கொம்பனிக்கு வேண்டிய அனுமதிக் கடிதம் கையெழுத்தானது. அதிகாரிக்கு ஒரு பொரித்த மிளகாயும் கிடைத்தது.

கொம்பனி வளர்ந்தது. ஐஸுக்குப் பிறகு குளிர் அறை, குளிர் அறைக்குப் பிறகு நண்டு பதப்படுத்தி வெளிநாட்டுக்கு அனுப்பும் பகுதி. வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள் மண்டபம் நிறைய. அந்த நண்டை லண்டனில் வாங்கி விற்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு காலத்தில் மிஸ்ஸைப் பெண் பார்க்க வந்தவர். மனைவியோடு ஒருமுறை கொம்பனிக்கு வந்திருந்தபோது அவரே சொன்னார்.

"நான் தேத்தண்ணியை வாயிலை வைக்கேல்லை, இவ இல்லை எண்டிட்டா. எங்கடை அம்மா ஒரு வருசம் அழுதவ. ஆனா இவவைப் போலை ஒரு ஆளோடை வியாபாரம் செய்யலாம் எண்டு எனக்கு அண்டைக்கே விளங்கினது."

அவருடைய மனைவி மிஸ்ஸுக்கு ஒரு சேலை கொண்டுவந்திருந்தார். "தாங்ஸ் எண்டு சொல்லத்தான் வந்தனான்" என்றார். மிஸ் அவ்வளவு சிரித்து நான் அதுவரை கண்டதில்லை.

கம்பஸை மிஸ் விடவில்லை. முழுநேர வேலையை விட்டபிறகும் கிழமையில் இரண்டு காலை திருநெல்வேலிக்குப் போய்ப் படிப்பித்துவிட்டு வருவார். வாய்மொழிப் பரீட்சையில் ஒரு மீனைப் பற்றிய தகவல் எல்லாம் சொல்லி, இதைச் சாப்பிடலாமோ என்று கேட்பாராம். கெட்டிக்காரப் பிள்ளைகள், "அது பல காரணிகளில் தங்கியிருக்கிறது" என்று தொடங்குவார்கள். "பிள்ளை, உனக்குப் பசிக்குது. மீன் கோப்பையிலை கிடக்குது. ஓமோ இல்லையோ? முதல் அதைச் சொல்லு. காரணத்தைப் பேந்து சொல்லு" என்பார். அழுதுகொண்டு வெளியே வந்தவர்களும் உண்டு.

அப்படி அழுதுகொண்டு வந்த ஒரு மாணவிதான், வன்னியிலிருந்து வந்து தங்க இடமில்லாமல் தினமும் ஆறு மணித்தியாலம் பஸ்ஸில் போய் வருகிறேன், எப்படிப் படிப்பது என்று மிஸ்ஸிடம் பொரிந்து தள்ளினாள். வகுப்பிலிருந்து பலாலி வீதிப் பஸ் தரிப்பு வரைக்கும் நடந்த நேரம்தான். தரிப்புக்கு வரும்போது மிஸ் "ஓம்" என்று சொல்லிவிட்டார். கம்பஸுக்குக் கிட்ட ஒரு பழைய வீடு வாங்கி, வெளி மாவட்டப் பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்கக் கொடுத்தார். பெயர்ப்பலகை கிடையாது. இடத்தைச் சொல்ல ஏதாவது பெயர் வேண்டுமே. கேட்டவுடனே ஓம் என்று கிடைத்த வீடு என்று பிள்ளைகள் அதை ஓம் வீடு என்றார்கள், ஓட்டோக்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். இதில் ஒரு கூத்தும் நடந்தது. மன்னாரிலிருந்து மகளைக் கொண்டுவந்த ஒரு கத்தோலிக்கத் தாய், ஓட்டோக்காரர் சொன்ன பெயரைக் கேட்டு இது ஏதோ சாமியார் மடம் என்று பயந்து, வாசலில் சூட்கேசோடு நின்றுவிட்டார். மிஸ் போய், "இது அந்த ஓம் இல்லை அம்மா, இது மற்ற ஓம்" என்று விளக்கி உள்ளே கூட்டிவந்தார்.

எல்லாம் இனிப்பாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. என் தம்பிக்குக் கொம்பனியில் ஒரு வேலை கேட்டேன். "இல்லை" என்றார். ஒரு காரணம், ஒரு சமாதானம், ஒன்றும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் என் மேசைக்கு வந்தார்.

"கோவம் முடிஞ்சுதோ? ஓமோ இல்லையோ?"

"இல்லை."

"சரி. நாளைக்குக் கேக்கிறன்."

நாளைக்கும் கேட்டார். அதற்கு அடுத்த நாளும் கேட்டார். ஒரு ஆளிடம் எத்தனை நாள்தான் இல்லை, இல்லை என்று சொல்வது? ஐந்தாம் நாள் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். ஐஸ் மெசினைப் பார்த்துக்கொண்டவர் யூட். கொழும்புத்துறைக்காரர், ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். அதிகம் கதைக்க மாட்டார். ஆனால் நான் பஸ்ஸுக்குப் பிந்தி வந்த நாட்களில் என் மேசையில் ஒரு கண்ணாடிக் குவளையில் ஐஸ் தண்ணீர் இருக்கும். மூன்று வருடம் அந்தத் தண்ணீரைக் குடித்தேன். ஒரு மத்தியானம் கன்ரீனில் என் முன்னால் வந்து இருந்து, "வசந்தி, என்னைக் கட்டுவீங்களோ?" என்று கேட்டார்.

எனக்கு வயது முப்பத்து நாலு. அப்பா கரவெட்டியில் வெங்காயம் செய்கிறவர், கோயிலும் தோட்டமுமாக இருக்கிறவர். அவர் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. யூட்டைப் பிடிக்காமல் இல்லை, நிறையவே பிடிக்கும். ஒரு கிழமை யோசித்து, அப்பாவிடம் எப்படித் தொடங்குவது என்று வழி கண்டுபிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆகவே மனதில் இருந்ததை அப்படியே சொன்னேன்.

"பாப்பம்."

யூட் தலையை ஆட்டினார். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். எதற்குப் பரவாயில்லை என்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு கதை எழுதுகிற எனக்கு அன்றைக்கு அந்த மண்டை வேலை செய்யவில்லை, பாருங்கள்.

எட்டாம் நாள் காலை, கடிதங்களைப் பிரித்து மிஸ்ஸின் மேசையில் வைக்கும்போது யூட்டின் கடிதம் வந்தது. கட்டாரில் வேலை கிடைத்திருக்கிறது, மாதக் கடைசியோடு நிற்கிறேன் என்று இரண்டே வரி. மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதை மட்டும் மிஸ்ஸிடம் நீட்டினேன். மிஸ் கடிதத்தை வாசித்தார், என்னைப் பார்த்தார், திரும்பக் கடிதத்தைப் பார்த்தார்.

"உன்னட்டை ஏதும் கேட்டவனோ?"

"ஓம், மிஸ்."

"நீ என்ன சொன்னனீ?"

"பாப்பம் எண்டு."

"ஐயோ, விசரி!"

"நான் உண்மையாவே பாப்பம் எண்டுதான் மிஸ் நினைச்சனான்!" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வெடித்துவிட்டது.

மிஸ் சிரிக்கத் தொடங்கினார். நான் அழ, அவர் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "இந்த ஊரிலை அந்தச் சொல்லைச் சொன்ன மாதிரியே எடுத்த ஆக்கள் நாங்கள் ரெண்டு பேருந்தான் பிள்ளை" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"பாத்து முடிஞ்சுதோ?"

"ஓம்."

"ஓமோ இல்லையோ?"

"ஓம்."

"அதை ஏன் எனக்குச் சொல்லுறாய்? அங்கை போய்ச் சொல்லு!"

மெசின் அறைக்கு ஓடினேன். அந்த அறைக்குள் நின்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. யூட் முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். "ஓம்!" என்றேன். திரும்பி, "என்ன?" என்றார். "ஓம்!" என்று கத்தினேன். காதில் கையை வைத்துக்கொண்டு, "கேக்கேல்லை!" என்றார். மூன்றாம் தரம் நான் உயிரைக் கொடுத்துக் கத்துவதற்கும் அவர் மெசினை நிறுத்துவதற்கும் சரியாக இருந்தது. என் ஓம் கொழும்புத்துறை இறங்குதுறை வரைக்கும் கேட்டது. நண்டுப் பகுதிப் பெண்கள் எல்லாரும் கதவடியில் வந்து நின்று கை தட்டினார்கள். இன்றைக்கும் சம்மாட்டியார் என்னைக் கண்டால் காதில் கையை வைத்து, "கேக்கேல்லை!" என்றுதான் தொடங்குவார்.

அப்பாவிடம் மிஸ்ஸே வந்தார். தோட்டத்து வரம்பில் நின்றுதான் கதை. அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "பாப்பம், மிஸ்" என்றார். எத்தினை மணிக்கு என்று கேட்கப்போகிறார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"ஐயா, இல்லை எண்டால் இல்லை எண்டு சொல்லுங்கோ. நான் கோவிக்கமாட்டன். பாப்பம் எண்டு சொல்லி இந்தப் பிள்ளையை இருத்தி வைக்காதேங்கோ. அதிலை இருந்து பாத்தவள் நான்."

அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார். "அப்ப, இல்லை" என்றார். வாழ்க்கையில் முதல் முறை ஒருவருக்கு முகத்துக்கு நேரே சொன்னார். மிஸ் "மெத்தப் பெரிய உபகாரம்" என்று கும்பிட்டுவிட்டு வெங்காயம் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் வந்த ஆத்திரம்! ஆனால் இல்லை என்று சொன்னபிறகு அப்பாவால் சும்மா இருக்க முடியவில்லை. ஏன் இல்லை என்று அவரே தொடங்கினார். நான் மறுமொழி சொன்னேன். அம்மா இடையில் வந்தார். மூன்று மாதம் எங்கள் வீட்டில் நடந்த சண்டை ஊருக்கே கேட்டிருக்கும். பாப்பத்தோடு யாராவது சண்டை பிடிக்க முடியுமா? அந்த மூன்று மாதத்துக்குள் ஒரு நாள் அப்பா தனியாகக் கொழும்புத்துறைக்குப் பஸ் ஏறிப் போய், கட்டார்ப் பயணத்தை விட்டுவிட்ட யூட்டோடு ஐஸ் மெசினைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "பெடியன் வேலை தெரிஞ்சவன்" என்றார். எங்கள் பதிவுத் திருமணத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றார். மிஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

பத்து வருடம் அப்படியே ஓடியது. பிறகு மிஸ்ஸுக்கு இருதய வருத்தம் வந்தது. கொழும்பில் ஒப்பரேசன் செய்ய வேண்டும் என்றார்கள். வயதுக்கு அது லேசான காரியம் இல்லை என்பதை டொக்டர் மறைக்கவில்லை. மறைத்திருந்தாலும் மிஸ் அவரிடம் எத்தினை மணிக்கு என்று கேட்டிருப்பார். கொம்பனியைத் தொழிலாளர்களின் பெயரில் எழுதி வைத்துவிட்டு, காலை ரெயினுக்கு ஸ்ரேசனுக்கு வந்தார். வழியனுப்ப நாங்கள் ஒரு கூட்டமே போயிருந்தோம். சம்மாட்டியார், நண்டுப் பகுதிப் பெண்கள், ஓம் வீட்டுப் பிள்ளைகள், அப்பாகூட வெங்காயப் பையோடு.

ரெயின் ஊதியது. மிஸ் யன்னலோரம் இருந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். கேட்கக்கூடாது என்று இரவே முடிவெடுத்திருந்தேன், ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"திரும்பி வருவியள்தானே, மிஸ்?"

அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். பதின்மூன்று வருடத்தில் அவர் ஒரு கேள்விக்கு யோசித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

"பாப்பம்" என்றார்.

ரெயின் போய்விட்டது. ஒருவரும் அசையவில்லை. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அந்த மேடையில் நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். நண்டுப் பகுதிப் பெண் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சம்மாட்டியார் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் அதிகம் கதைக்காத யூட் கதைத்தார்.

"ஏன் எல்லாரும் செத்த வீடு மாதிரி நிக்கிறியள்? அந்தச் சொல்லை நான் ஒருக்காப் பிழையா விளங்கி, கட்டாருக்குப் போகப் பாத்தனான். இன்னொருக்கா அந்தப் பிழையை விடமாட்டன். அவ பாப்பம் எண்டால், பாத்துக்கொண்டிருக்கிறா. வாங்கோ, வேலைக்கு நேரம் போகுது."

பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய மேசையைத் தினமும் துடைத்தேன். கம்பஸ் நாட்களில் அவர் கேட்கிற நேரத்துக்கு ஓட்டோ வாசலில் வந்து நின்று, ஆள் இல்லாமல் திரும்பிப் போனது. கொழும்பிலிருந்து, ஒப்பரேசன் முடிந்தது, ஆனால் கண் விழிக்கவில்லை என்று ஒரு செய்தி. பிறகு விழித்துவிட்டார், கதைக்கவில்லை என்று ஒரு செய்தி. பிறகு மூன்று நாள் ஒன்றும் இல்லை. அந்த மூன்று நாளும் யூட் கேட்காமலே என் மேசையில் ஐஸ் தண்ணீர் வைத்தார்.

நாலாம் நாள் காலை பத்து மணிபோல் போன் அடித்தது. எடுத்தேன்.

"ஓம்" என்றது ஒரு குரல். மெலிந்து, கரகரத்து, ஆனால் அவருடைய குரல்தான்.

"மிஸ்! என்ன ஓம், மிஸ்?"

"ஸ்ரேசனிலை கேட்டனீ எல்லோ. அதுக்கு."

சொன்னபடியே திரும்பி வந்து, இன்னும் சில வருடம் எங்களோடு இருந்தார். அன்றைக்கு நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பின்னால் ஒரு நேர்ஸ், அம்மா இப்போது கதைக்கக்கூடாது, போனை வையுங்கள் என்று சொல்வது கேட்டது.

"இல்லை" என்றார் மிஸ்.